இங்கிலாந்து ஓட்டுக்காகத் தூத்துக்குடிக்குப் போனது

காலை ஏழரை மணிக்குச் சாயர்புரத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். மடியில் மஞ்சள் பை. உள்ளே வெற்றிலைக் கட்டு, பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம். எங்கே போகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டதற்கு, இங்கிலாந்துத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கப் போகிறேன் என்றேன்.

"இந்த பஸ் அங்கன போகாதே அண்ணாச்சி. வழியில புதுக்கோட்டையில எறங்கி மாறிக்கிடுங்க" என்றார்.

சிரிக்கிற விஷயம்தான். என் மகள் செல்வி அங்கே கடலோர ஊர் ஒன்றில் நர்ஸ். அந்த ஊர்க் கவுன்சிலுக்கு நிற்கிறாள். நம் நாட்டுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அங்கே ஓட்டுப் போடலாமாம், நிற்கவும் செய்யலாமாம். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் நாட்டில் ஓட்டுச்சீட்டில் என் மகள் பெயர்! விடிகாலை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். அதைத் திரும்ப விடச் சொல்லித்தான் நிற்கிறாள்.

போன வாரம் போனில் அழாத குறை. "வெள்ளைக்காரங்க வீட்டுக் கதவெல்லாம் தட்டிட்டேன்ப்பா. நின்னு கேக்காவ. நம்ம ஆளுங்க எட்டு வீடுதான் தொறக்கல. அந்த எட்டு வீடு இல்லன்னா தோத்துருவேன்."

அந்த எட்டு வீடும் எங்கள் குலசாமி கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பங்கள். பொன்னுதுரை அண்ணாச்சி வகையறா. அவர் எனக்குப் பெரியப்பா மகன். கதவு மூடக் காரணம் நான்தான். வருஷத் திருவிழாவான கோயில் கொடைக்கு வீடு வீடாக நேரில் போய் வெற்றிலை வைத்து அழைப்பது எங்கள் முறை. அழைக்கிற பொறுப்பு என்னுடையது. அண்ணாச்சி தூத்துக்குடிக்குக் குடிபோன வருஷம், முழங்கால் வலி என்று போனிலேயே அழைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அந்தக் கோபம் விமானம் ஏறி அங்கேயும் போயிருக்கிறது.

எட்டரைக்குத் தூத்துக்குடி. அண்ணாச்சியின் கயிற்றுக்கடை திறக்கப் பத்தாகும் என்றார்கள். கடற்கரைச் சாலைக்குப் போய் நின்றேன். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகிற தோணியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் முத்துக்குளிப்புப் பார்க்க அப்பா இங்கே தோளில் தூக்கி வந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை படகுகளின் பாய். அப்புறம் சிப்பி அழுகுகிற நாற்றம். முத்தை மட்டும் கடைசிவரை நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்குக் கயிற்றுக்கடை. அண்ணாச்சி தோணிக்காரர் ஒருவருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குல இவ்வளவு தூரம்? ஒரு போன் அடிச்சிருந்தாப் போதுமே!"

தோணிக்காரர் சிரித்தார். நான் வெற்றிலையையும் பழத்தையும் மேசைமேல் வைத்தேன். "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. கொடைக்கு வரணும்."

"கொடைக்கா, ஓட்டுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

வெற்றிலையை அவர் தொடவில்லை. "நாஞ் சொன்னா அவுக ஓட்டுப் போட்டுருவாவளா? அவுக சம்பாத்தியம், அவுக ஊரு. இந்தா, எம் மருமககிட்டயே கேளு."

மணி பத்தரை. அங்கே காலை ஆறு. போனில் மருமகள் ராணியின் முகம் தெரிந்தது. நீலம் கலந்த வெளிச்சம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், குளிரில் அவள் மூச்சு புகையாக வந்தது. கூட மூன்று பெண்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பஸ் நின்றதிலிருந்து தினமும் முக்கால் மணி நேர நடையாம்.

ராணிக்குப் பின்னால், சாலையின் அந்தப் பக்கம், தனியாக ஒருத்தி குனிந்தபடி போனாள். அந்த நடை எனக்குத் தெரியும்.

"அந்தப் பக்கம் போறது யாரும்மா?"

ராணி திரும்பிப் பார்த்தாள். "செல்விதான் சின்ன மாமா. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஷிப்டு. அவ அந்தப் பக்கமா வருவா, நாங்க இந்தப் பக்கமா போவோம்."

அண்ணாச்சி போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இந்தக் குளிருக்குள்ள ரெண்டு பக்கமாவா நடக்கிய?"

"நீங்க வருத்தப்படுவியன்னுதான் மாமா."

அவர் ஒரு வெற்றிலையை எடுத்தார். வேட்டியில் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், வாயில் போட்டார். "வெத்தல எடுத்துக்கிட்டேன். அந்தப் பக்கம் போ தாயி. வண்டி பாத்துப் போ."

போன் ஆடியது. தார்ரோடு, ஒரு செருப்பு, ஆகாயம். "ஏளா செல்வி, நில்லு!" பிறகு இரண்டு முகம் சேர்ந்து தெரிந்தது. என் மகள் மூக்கை உறிஞ்சினாள். ராணிதான் பேசினாள்.

"நோட்டீஸ் எத்தன வச்சிருக்க? எட்டு வீடும் எம் பொறுப்பு. பின்னால வாராவல்லா, மூணு பேரு, ஆளுக்கு ஒரு தெரு பாக்கட்டும். மலையாளத்துக்காரவுக வீடுகளுக்கு நம்ம கூட வேல பாக்குற லிஸி வரட்டும், அவ சொன்னாத்தான் கேப்பாவ. ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஜெயிச்ச பொறவும் பஸ் வரலன்னா, மொத சண்டைக்கு உன் வீட்டுக்குத்தான் வருவோம்."

"வாங்க மைனி" என்றாள் செல்வி.

கயிறு வாங்க வந்தவர் கயிற்றை மறந்து நின்றார். நானும்தான். வேலைக்கு நடந்துகொண்டே, ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள், எல்லாத் தெருவுக்கும் ஆள் போட்டுவிட்டார்கள்.

வரும் வியாழக்கிழமை ஓட்டு. ஜெயிப்பாளோ என்னவோ.

மத்தியானச் சாப்பாட்டை அண்ணாச்சி வீட்டில் முடித்துக்கொண்டு, நாலு மணிக்குச் சாயர்புரத்தில் இறங்கினேன். அங்கிருந்து என் ஊர் மூன்று கிலோமீட்டர். முன்பு பஸ் இருந்தது. நின்று நாலு வருஷமாகிறது. இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தேன். எத்தனை தேர்தல் வந்துபோயின. ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பஸ் எங்கே என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.