மறுபக்கம் மடித்த வீடு

இரண்டு வருடம் முன்பு, ரம்ஜான் நெருங்கிய சமயம். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் வேலையாக இருந்தேன். பர்தா அணிந்த ஒரு பெண் வாசலில் வந்து நின்று, "அக்கா, பேப்பர்ல வூடு செஞ்சி தருவீங்களா?" என்று கேட்டார்.

என்னிடம் ஒரு பேப்பர் கட்டிங் மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், ஒரு சின்ன பிளேடு அதன்படியே அட்டையை வெட்டித் தரும். செராமிக் யூனிட்காரர்களின் விளக்குகளுக்கும் பொம்மைகளுக்கும் பெட்டி செய்வது, பிறந்தநாளுக்குப் பெயர் எழுத்து வெட்டுவது, இவைதான் என் பிழைப்பு. குழந்தைகளுக்காக இன்னொன்றும் செய்வேன். பாகங்களை முழுதாக வெட்டாமல் அங்கங்கே நூலளவு விட்டுவைத்து, தாளாகவே கொடுத்துவிடுவேன். விரலால் அழுத்தினால் ஒவ்வொன்றும் டப்பென்று பெயர்ந்து வரும். மடித்து, ஓரத்தில் நீட்டியிருக்கும் காதுகளைத் துளைகளில் செருகினால் பஸ்ஸோ மாட்டுவண்டியோ தயார். தன் மகள் கொண்டுவந்த அப்படியொரு பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் என்னைத் தேடி வந்திருந்தார்.

அவர் கணவருக்கு வளைகுடாவில் வேலை. அங்கிருந்து சம்பாதித்து அனுப்பி ஊரில் வீடு கட்டியிருந்தார். குடிபோகிற நாளுக்கு வர லீவு கிடைக்கவில்லை.

"தெனமும் போன்ல காட்டிக்கிட்டுதான் இருக்கேன். ஒரு நாளு, 'கட்டுன வூட்ட இன்னும் கையால தொடலியே'ன்னாங்க. அதுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல அக்கா."

சொந்தக்காரர் ஒருவர் அந்த வாரம் அங்கே திரும்புகிறாராம். அவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்ப வேண்டும்.

நான் நேரில் போய் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். வலதுபக்கம் மாடிப்படி, முன்னால் கிரில், மேலே தண்ணீர்த் தொட்டி. கதவு மட்டும் நிஜமாகவே திறந்து மூட வேண்டும் என்றார் அந்தப் பெண். முதலில் சாதாரண வெள்ளைத் தாளில் ஒன்று வெட்டி, மடித்து மாட்டிக் காட்டினேன். அவர் ஒற்றை விரலால் கதவைத் தள்ளிப் பார்த்தார். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வீட்டின் நிறத்திலேயே இளம்பச்சை அட்டை வாங்கினேன். அதற்கு ஒரு பக்கம்தான் நிறம், மறுபக்கம் வெள்ளை. பச்சையின் மேல் மடிப்புக் கோடு போட்டால் வெடிப்புப் போலத் தெரியும் என்பதால், அட்டையைக் கவிழ்த்துப் போட்டு வெட்டினேன். பெயர்க்காமல் அப்படியே உறையிலிட்டுக் கொடுத்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

சில நாள் கழித்து, "மாட்டிட்டாங்களாம் அக்கா, ரொம்ப சந்தோஷம்" என்று தகவல் வந்தது. ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "சொல்றேன் அக்கா" என்றார். வரவில்லை. மறுபடி கேட்டேன். அதற்கும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த வருடம் அவர் கணவர் லீவில் வந்தார். அந்தப் பெண் என்னை வீட்டுக்கு அழைத்தார். உள்ளே போனதும் டிவிக்குப் பக்கத்தில் காகித வீடு கண்ணில் பட்டது. கையிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். கிட்டப் போய்ப் பார்த்தால், வெளிச்சுவரெல்லாம் வெள்ளை. அதன்மேல் கலர் பென்சிலால் என்னென்னவோ வரைந்திருந்தார்கள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய பச்சை, ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது.

"என்ன பாய், கலர உள்ள வெச்சி மடிச்சிட்டீங்களே!" என்று சிரித்தேன். அவர் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க, அக்கா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க" என்றார் அந்தப் பெண்.

"மொதல்ல பச்ச வெளிய இருக்கறாப்லதான் மாட்டுனேன்க்கா. மாடிப்படி எடது பக்கம் போயி நின்னுது. கதவும் ஜன்னலும் எல்லாமே மாறிக் கெடந்துது. பிரிச்சி, எல்லா மடிப்பையும் மறுபக்கமா மடிச்சிப் பாத்தேன். படி சரியான எடத்துக்கு வந்துட்டுது. வெள்ளதான் வெளிய வந்துடுச்சி."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அட்டையைக் கவிழ்த்துப் போட்டால் கம்ப்யூட்டரில் படத்தையும் இடவலமாகத் திருப்ப வேண்டும். நான் திருப்பவில்லை. முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"என் தப்பு பாய். ஏன் அப்பவே சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் நின்னேன்" என்றார் அந்தப் பெண். "இவங்கதான் வேணாம்னுட்டாங்க. ஆசையா செஞ்சி குடுத்துருக்காங்க, மனசு கஷ்டப்படுவாங்கன்னு. போட்டோவும் அனுப்பல."

அவர் கணவர் காகித வீட்டை எடுத்து என் கையில் வைத்தார். "வெள்ளச் செவுரா இருக்குதேன்னு ரூமுல இருந்தவங்கள்லாம் பென்சில எடுத்துட்டாங்க. லீவு நாளு, வெள்ளிக்கெழம பூரா இதே வேலதான். மலையாளத்துக்காரரு ஜன்னலுக்குத் திரை போட்டாரு. பின்பக்கம் பாருங்க, நேபாளத்துக்காரரு மலை வரைஞ்சிருக்காரு. எங்க ஊருக்குப் பேர்லதான் மலை, அசலம்னா மலைதான, ஊர்ல இல்லன்னேன். 'அப்ப இது இருக்கட்டும்'னுட்டாரு."

பனி மூடிய மலை. அதன் அடிவாரத்தில் விருத்தாசலத்து வீடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேறொன்று சரியாகச் செய்து தருகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவே இல்லை. "நீங்க சரியா செஞ்சிருந்தா அர மணி நேரத்துல மாட்டி எடுத்து வெச்சிருப்பேன்க்கா. காசு அனுப்புனதோட சரி, இங்க ஒரு செங்கல்லு நான் தூக்கல. இதுலயாவது கொஞ்சம் கட்டுனாப்ல இருக்குது."

இப்போதெல்லாம் யாராவது எனக்கு ஒன்றைத் தவறாகச் செய்து கொடுத்தால், உடனே சொல்லத் துடிக்கும் வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறேன். என் முகம்கூடத் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து என் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரே, அந்த அளவுக்கு நான் இன்னும் யாருக்கும் செய்துவிடவில்லை.