நாலே பேர் வாங்கிய விளையாட்டுப் பெட்டி

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் பாதி அவரைத் திட்டுவதுதான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஹட்டன் டவுனில் ரேடியோ, தையல் மெஷின், சுவர்க் கடிகாரம், டீவி எல்லாம் விற்கும் கடை அவருடையது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ரிப்பேர் மேசையில் இருந்தேன். விற்கும்போது விளக்கம் சொல்வதும் நான்தான், விற்றது கெட்டு வந்தால் ஏச்சு வாங்குவதும் நான்தான்.

கொழும்பு ஏஜென்ட் ஒருவருடைய பேச்சில் மயங்கி முதலாளி ஒரு தடவை பன்னிரண்டு டீவி விளையாட்டுப் பெட்டிகளை இறக்கினார். டீவியில் சொருகினால் திரையில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் வரும். கையில் இருக்கும் குமிழைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் போகும். அந்தக் கோட்டால் புள்ளியைத் தட்டி எதிராளி பக்கம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. வெளிநாட்டில் சீந்துவாரில்லாமல் கிடந்த சரக்கை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று முதல் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும் விட்டேன். "ஒன்ன ஆராய்ச்சி பண்ணச் சொல்லல, வித்துக் காட்டு," என்றார் முதலாளி.

ஒரு வருஷத்தில் நாலு விற்றேன். மூன்று பெட்டிகள் தோட்டத்துக் கிளாக்கர் வீடு மாதிரியான இடங்களுக்குப் போய், ஒரே மாதத்தில் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டன. நாலாவதை வாங்கியவர் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வந்தவர்.

அவருக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரில் போய்விட்டது. காயம் ஆறியதும் தோட்டம் செய்த முதல் காரியம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டியதுதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு எல்லோரும் போவார்கள், மனைவியும் கூடையை மாட்டிக்கொண்டு போவார், இவர் மட்டும் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நஷ்டஈடு என்று கையில் திணித்ததை எடுத்துக்கொண்டு பேட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவி ஒன்று வாங்கத்தான் அன்றைக்கு வந்தார். மேசை மேல் விளையாட்டுப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் ஒரு குமிழைப் பிடித்தார். நான் தோற்றேன். பாவம் பார்த்துத் தோற்கவில்லை, நிஜமாகவே தோற்றேன்.

"இதுக்கு ஒத்தக் கை போதுமே தம்பி," என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தபிறகு எந்த வியாபாரியும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான். லயத்தில் கரண்ட் இல்லாவிட்டால் பரவாயில்லை, டோர்ச் பேட்டரி ஆறு போட்டால் ஓடும் என்று சொல்லிக்கொடுத்தேன். எது கெட்டாலும் கொண்டுவாருங்கள், நான் இருக்கிறேன் என்றேன். ஈரம் மட்டும் படக்கூடாது, எங்கே காய்ந்த இடம் இருக்கிறதோ அங்கே வையுங்கள் என்று ஒரு புத்திமதி வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய லயத்துக்குப் போயிருந்தேன். இஸ்தோப்பில் நிற்க இடமில்லை. அவர் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஆள் மாறி ஆள் வந்து உட்கார்ந்து தோற்று எழுந்துகொண்டிருந்தார்கள். முன்பு அவரை வேலை வாங்கிய கங்காணியும் தோற்றார். எல்லோரும் சிரித்தார்கள், கங்காணியும் சிரித்தார். அந்த நேரத்தில் அங்கே யாருமே அவருடைய வலது பக்கத்தைப் பார்க்கவில்லை. நஷ்டஈட்டுக் காசு வாங்கித் தராத ஒன்றை அந்த உதவாக்கரைப் பெட்டி வாங்கித் தந்திருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரே கரி. பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகித் தொங்கியிருந்தது.

"இத எங்கண்ணே வச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல, வெறகு காயப்போடுற பரண்ல. நீங்கதான தம்பி காஞ்ச எடமா வைக்கச் சொன்னீங்க."

எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருந்தது. நானும் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன்தான். மழைக்காலத்தில் தகரக் கூரை ஒழுகும், சுவர் வியர்க்கும், பாய் நமுத்துப் போகும். உப்பிலிருந்து தீப்பெட்டி வரைக்கும் எல்லாம் அடுப்புக்கு மேலேதான் ஏறும். லயத்தில் காய்ந்த இடம் என்றால் அது ஒன்றுதான். டவுனுக்கு வந்து சட்டையில் பேனா குத்திக்கொண்டதும் எனக்கு இதெல்லாம் மறந்துபோயிருக்கிறது. அவர் நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கிறார்.

குமிழ் கெட்டிருந்தால் ரேடியோ வால்யூமைக் கழற்றிப் போட்டு ஓட்டியிருப்பேன். வயர், சுவிட்ச் எல்லாம் என்னிடமே உண்டு. ஆனால் செத்துப்போயிருந்தது விளையாட்டையே ஓட்டும் ஒரே ஒரு ஐசி சில்லு. அது கொழும்பிலும் இல்லை. கடையின் பின்னறையில் விற்காமல் கிடந்த எட்டுப் பெட்டிகளில் மட்டும்தான் இருந்தது. இருந்தால் போட்டுக் கொடுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

சனிக்கிழமை முதலாளியிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அந்த சனியன் எட்டையும் ஏஜென்ட் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான். திங்கக்கெழம லொறி வருது. எட்டும் ஒடைக்காம இருக்கணும், ஒண்ணு கொறஞ்சாலும் ஒண்ணையும் எடுக்க மாட்டான். இனிமே அந்தப் பேச்சே கடையில வேணாம்."

"ஒண்ண வச்சுக்கிட்டா வாங்கினவங்களுக்கு ரிப்பேருக்கு ஆகும் மொதலாளி."

"நாலு பேரு வாங்கின சாமானுக்கு நான் ஆயுசு பூரா காவல் நிக்கணுமா? அவன் அடுப்புல வச்சுக் கருக்கினதுக்கு நான் பொறுப்பா?"

"நாமதான வித்தோம்?"

"சாமானத்தான் வித்தேன். சத்தியம் பண்ணியா குடுத்தேன்?"

"நான் பண்ணிக் குடுத்தேன்."

"அப்ப நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. வாங்க வருகிறவனுக்குப் பிளேன்டீ, நாற்காலி, "வாங்கண்ணே". வாங்கியதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால் அவன் யாரோ. நிறையப் பேர் வாங்கியிருந்தால் எல்லாம் செய்து கொடுப்பார்களாம். நாலு பேர்தான் என்றால் அந்த நாலு பேரும் முட்டாள்களாம். எங்கள் சனங்களுக்குத் தோட்டமும் இதைத்தான் செய்கிறது, கடையும் இதைத்தான் செய்கிறது. உபயோகம் முடிந்தால் பேரை வெட்டு. முதலாளியின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தச் சரிதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

திங்கட்கிழமை காலையில் லொறி வந்து நின்றது. முதலாளி வாசலில் நின்று பெட்டிகளை எண்ணி ஏற்றச் சொன்னார். நான் ரிப்பேர் மேசையிலிருந்து கத்தியை எடுத்துப் போய், அவர் கண்ணெதிரிலேயே ஒரு பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த சீல் தாளைக் கிழித்தேன்.

"இப்ப ஏழுதான். எம் சம்பளத்துல புடிச்சுக்குங்க," என்றேன்.

அவர் அடிக்க வரவில்லை. கத்தவும் இல்லை. மேசைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "இனி கடப்படி ஏறாத," என்று மட்டும் சொன்னார். லொறிக்காரன் ஏழு பெட்டியையும் ஏற்றாமல் போய்விட்டான். நான் அந்த எட்டாவது பெட்டியோடு டயகம பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக எனக்கு ஒரே சந்தோஷம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் இஸ்தோப்பில் தனியாக இருந்தார். புதுப் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குமிழை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "மொதலாளி மனசு வச்சிட்டாரா?" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். கத்தியை எடுத்த இடத்தில் என் குரல் உயர்ந்தது. அவர் பாராட்டப் போகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

குமிழைப் பெட்டிக்குள் வைத்தார். மூடியை மூடினார்.

"அப்ப வேல போச்சா?"

"போனா போகுதுண்ணே. ஒங்களுக்காகத்தான."

"எனக்காகவா?" அவர் குரல் அப்படி ஏறி நான் கேட்டதில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "நான் கேட்டனா? ஐசி இருந்தா போட்டுக் குடுங்கன்னுதான கேட்டேன். வேலய வுட்டுட்டு வாங்கன்னா கேட்டேன்? நாளைக்கு இது கெட்டா யாருகிட்ட கொண்டு போறது? அந்த மேசையில இனி யாரு ஒக்காந்திருப்பா?"

அவர் விடவில்லை.

"எனக்கு கை போயிதான் வேல போச்சு. ஒங்களுக்கு என்ன போச்சு? ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு?"

அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"ஒத்த ஆளு இந்த எடத்துல சும்மா குந்திக்கிட்டு இருக்கிறது போதாதுன்னு, நீங்களும் வந்து பக்கத்துல குந்திக்கிட்டீங்களே தம்பி."