கையில் எலுமிச்சம்பழம், எதிரே கட்லெட்

கொடைக்கானலில் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து, எழுபத்தைந்து மைல் இறங்கி, மதுரை விமான நிலையத்தை அடைந்தபோது பகல் பன்னிரண்டு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் விமானப் பயணம், அதுவும் சென்னைக்கு!

கூட வந்தவர் என் அண்ணன், மேல்மலையில் கவுஞ்சி கிராமத்தில் பூண்டு போடுகிறவர். அவர் மகள் வள்ளிக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பையனைப் பேசியிருந்தார்கள். நேரில் வந்து பார்க்கச் சொல்லி டிக்கெட் அனுப்பியதும் அந்தப் பையன்தான். வள்ளி உட்பட எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அண்ணன் மட்டும், "அம்புட்டுத் தூரத்துல பொண்ணக் குடுத்துட்டு எப்பப் போயிப் பாக்குறது?" என்று பிடிகொடுக்காமல் இருந்தார். "அவுக வாயால சரின்னு ஒரு வார்த்தை வாங்காம வந்துராதீங்க தம்பி" என்று மதினி என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

விமானம் ஒன்றரைக்கு. உள்ளேயே நாலு மேசை போட்ட சிற்றுண்டிக் கடை. வெண்ணெயில் ரொட்டி வாட்டும் வாசனை வாசலிலேயே ஆளை இழுத்தது. கட்லெட் ஒன்று நாலணா! எங்கள் பஜாரில் அந்தக் காசுக்கு வயிறு நிறைய இட்லி தின்னலாம். போனால் போகிறது என்று இரண்டு தட்டு சொன்னேன்.

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தார். நேற்று ராத்திரியிலிருந்து அவர் பல்லில் பச்சைத்தண்ணி படவில்லை. மலைக்காரர்கள் வழக்கம் அது. பஸ்ஸில் இறங்குகிற நாளில் வெறும் வயிறு, கையில் ஒரு எலுமிச்சம்பழம், வளைவுக்கு வளைவு அதை மோந்துகொண்டே வரவேண்டும். பழம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"மலைதான் இறங்கியாச்சேண்ணே, சாப்பிடுங்க."

"ஏலே, இது மலைய விட உசரம்லே. சம்பந்தகாரவுக முன்னால சட்டையெல்லாம் வாந்தியோட இறங்கச் சொல்றியா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் கட்லெட்டை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. அவர் சொல்வதும் நியாயந்தானோ?

அண்ணன் கடைக்காரரையே கேட்டுவிட்டார். "மெட்ராஸ் போறவரைக்கும் மேல எத்தனை வளைவுங்க?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. "வளைவே கெடையாதுங்க. திருச்சியில ஒரு இறக்கம், ஒரு ஏத்தம். அம்புட்டுத்தான்."

அண்ணன் பழத்தை மேசைமேல் வைத்தார். கட்லெட்டைப் பிட்டு மோந்தார். "நம்ம மலைப்பூண்டுலே இது!" முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் இன்னொரு தட்டு, அதற்குமேல் வெண்ணெய் ரொட்டி, காபி. விமானத்துக்கு அழைத்தபோது பழத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார்.

மேலே ஏறியதும் வைகை நூலாகத் தெரிந்தது. "அந்தா கெடக்கு பாருலே நம்ம மலை!" என்று அண்ணன் கத்தியதில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். திருச்சி தாண்டி ஒரே ஒரு குலுக்கல். அண்ணன் என் மணிக்கட்டை நெரித்துவிட்டார். சாப்பிட்டது வயிற்றிலேயே இருந்தது.

மீனம்பாக்கத்தில் பையனும் அவன் அப்பாவும் காத்திருந்தார்கள். "பிரயாணமெல்லாம் சௌகரியந்தானே?" என்று பெரியவர் கேட்டார்.

கறைபடாத சட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார் அண்ணன். "வளைவே இல்லைங்க! வயிறு நிறையச் சாப்பிட்டுட்டே ஏறலாம். மெட்ராஸ் இம்புட்டுக் கிட்டத்துல இருக்குன்னு யாருமே சொல்லலையே!"

மதினி கேட்ட அந்த ஒரு வார்த்தை வருமா என்று அவர் வாயையே பார்த்தேன். அண்ணன் பையனைப் பார்த்தார், பிறகு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா நீங்க பரிசம் போட எங்க ஊருக்கு வாறப்ப மட்டும் வெறும் வயித்தோட வாங்க. எலுமிச்சம்பழம் நான் குடுத்தனுப்புறேன்."