செல்ஃபிக்கு எழுந்து நின்ற ஸ்ட்ரைக்கர்

இன்று காலை திகாம் பத்து ஊரில் ஒரு கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனேன். அடுத்த மேசையில் நம் செமிலிங் ஊர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் மலேசியாவுக்குக் கோல் அடித்துக்கொண்டிருந்தவர். இப்போது முட்டி இரண்டும் போய், மேசையைப் பிடித்தால்தான் எழ முடிகிறது.

ஒரு ஆள் போனோடு வந்தான்.

“அண்ணே, ஒரு செல்ஃபி லா.”

“சாப்பிட்டுடறேனே தம்பி.”

“செகெஜாப்தான் அண்ணே, ஒரே நிமிஷம், வேலைக்குப் போகணும்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மேசையைப் பிடித்து எழுந்தார். தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

நான் தே தாரிக்கைக் குடித்து முடிப்பதற்குள் படம் பேஸ்புக்கில் வந்துவிட்டது.

“ஃபைனல்ல பெனால்டியக் கோட்டை விட்ட ஆளு இவருதான்.” கூடவே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அத்தனை வருடம் அடித்த கோல் ஒன்றுகூட இவனுக்கு ஞாபகமில்லை. அடிக்காத ஒன்று மட்டும் ஞாபகம். பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

அதைவிடக் கேவலம், அந்தப் படத்துக்குக் கீழே சிரித்தவர்களின் பெயர்கள். பாதிப் பேர் என் நண்பர்கள். இந்தப் பதிவை நீங்கள் படித்துக்கொண்டும் இருப்பீர்கள்.

நேரிலேயே வந்து சிரியுங்களேன். அண்ணன் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறார். கேட்டால் உங்களுக்கும் எழுந்து நிற்பார்.