தனியாகப் போகாத குதிரை

என் தம்பி கல்யாணத்தில் காலையில் எங்கள் முறைப்படி தாலி, மாலையில் பெண்வீட்டார் முறைப்படி குதிரை ஊர்வலம் என்று பேசி முடித்திருந்தோம். பெண் பஞ்சாபி. குதிரை என்றதுமே தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது.

காட்டுக்குதிரைகளைப் பற்றி டிவியில் எது வந்தாலும் விடாமல் பார்ப்பவள் நான். "பயப்படாதல. கூட்டத்துல ஆம்பளக் குதிர பின்னால காவலுக்குத்தான் வரும். எங்க மேயணும், எங்க தண்ணி குடிக்கணும்னு முடிவு பண்ணுறது வயசான பொம்பளக் குதிரதான். இப்பமே பழகிக்கோ," என்றேன்.

டில்லி ஜனக்புரியில் பாண்டு முழங்க, முகத்தில் பூச்சரம் தொங்க, தம்பி வெள்ளைக் குதிரைமேல் ஏறினான். நிச்சயமாகப் பொம்பளைக் குதிரைதான். தெருமுனை வரை ஒழுங்காக நடந்தது. அங்கே காதை நிமிர்த்திக்கொண்டு நின்று கனைத்தது. பக்கத்துத் தெருவிலிருந்து பதில் கனைப்பு வந்தது.

"அகேலி நஹி ஜாயேகி," என்று குதிரைக்காரர் தலையைச் சொறிந்தார். தனியாகப் போகாதாம். இரண்டும் ஒரே லாயத்தில் வளர்ந்தவை. முகூர்த்த நாளென்று முதலாளி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார்.

சொல்லி முடிப்பதற்குள் குதிரை திரும்பிவிட்டது.

"யக்கா, இது எங்கயோ போவுது!"

"பொண்ண மாத்திட்டியா மாப்ள?" என்று கத்தியபடி என் கணவர் பின்னால் ஓடினார். நாங்களும் ஓடினோம்.

அடுத்த தெருவில் இன்னொரு மாப்பிள்ளை, இன்னொரு பாண்டு. இரண்டு குதிரைகளும் கழுத்தோடு கழுத்தை ஒட்டி வைத்து, ஒன்றின் பிடரியை ஒன்று பல்லால் மெதுவாகச் சொறியத் தொடங்கின. மந்தையில் சிநேகிதக் குதிரைகள் செய்வது அப்படியே இதுதான். மேலே இரண்டு மாப்பிள்ளைகளும் முழங்கால் உரச உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளை மரியாதையாக எந்த ஊர் என்று கேட்டான். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் தம்பி, பயத்தில் "திருநெல்வேலி" என்றான்.

பிரித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. எங்கள் மண்டபம் கிட்டத்தில் இருந்ததால் முதலில் அங்கே சேர்ந்தே போவது என்று முடிவாயிற்று. வயதில் மூத்த அவர்கள் குதிரை முன்னே நடந்தது. எங்களுடையது அதன் வாலைப் பார்த்துக்கொண்டே சமர்த்தாகப் பின்னால் போயிற்று.

மண்டப வாசலில் தம்பியின் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். முதலில் வந்த பூச்சரத்துக்கு நேராகத் தட்டைத் தூக்கினார்.

"மம்மி, அது நான் இல்ல! நான் பின்னால இருக்கேன்!" என்று தம்பி இந்தியில் அலறினான். வாசலே சிரித்தது. அந்த மாப்பிள்ளை அசட்டுத்தனமாகக் கும்பிட்டான்.

தம்பி இறங்கியதும் அடுத்த சிக்கல். அவர்கள் குதிரை கிளம்பினால் எங்களுடையதும் கூடவே கிளம்பும். காலிக்குதிரை ஊர்வலத்தில் வருவது அபசகுனம் என்றார் அவர்கள் வீட்டுப் பெரியவர். யாராவது ஏறி உட்கார வேண்டும். நான் என் கணவரைக் கைகாட்டினேன்.

"ஏட்டி, நானா?"

நாலு பேர் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். நான் டாட்டா காட்டினேன்.

எங்கள் பந்தி முடிகிற சமயத்தில்தான் திரும்பினார். தலையில் சிவப்புத் தலைப்பாகை, கழுத்தில் கனமான மாலை, வாயில் பீடா. அங்கே பெண்வீட்டார் இவரை மாப்பிள்ளையின் மாமா என்று நினைத்து மாலை போட்டு, கட்டிப்பிடித்து, மூன்று பேர் அலாக்காகத் தூக்கினார்களாம்.

"மாமா நான் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே," என்றார் பீடாவை ஒதுக்கிக்கொண்டு. "எம் இந்தி அவுங்களுக்கு வெளங்கல."