நெடுஞ்சாலையில் என் கணவர் நடத்திய பள்ளிக்கூடம்

வேலூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் காரில் போவதென்று முடிவானதும் நான் துண்டு, ஈரத்துணி, மாற்றுடை, வாந்தி வந்தால் பிடிக்க உறை என்று எது முதலில் தேவைப்படுமோ அது மேலே இருக்கும்படி பையை அடுக்கினேன். என் கணவர் லேமினேட் செய்யப் போனார்.

எங்கள் பெண் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். பையன் யு.கே.ஜி. தொம்மலூரில் எங்கள் அடுக்ககத்துப் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விடுமுறைப் பயணத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு பாடமாக வேண்டும் என்று யாரோ அதில் எழுதிவிட்டார்கள். ஒரு குழந்தை ஜன்னல் வழியாகச் சும்மா வெளியே பார்ப்பது இந்த ஊரில் இப்போது கவலைக்குரிய அறிகுறி. என் கணவர் அலுவலகத்திலேயே தாள்களை அச்செடுத்து, பளபளவென்று உறையிட்டு, தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர்களும் வாங்கி வந்தார். லாரிச் சக்கரம் எண்ணுதல், மேக வகைகள், வேகக் கணக்கு. கடைசித் தாள், மாநில எல்லைக்கு அப்புறம் தமிழ்ப் பலகைகளைப் படித்தல்.

அந்தக் கடைசித் தாளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் என் கணவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவருடைய தாத்தா காலத்திலேயே அரசு வேலைக்காக இங்கே கர்நாடகாவுக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். கடைச் சாமான் பட்டியலைக்கூடத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே கன்னட எழுத்தில் எழுதுவார். இங்கே அப்படி எழுதுகிற தமிழர்கள் ஏராளம். அடுக்ககத்துப் பொங்கல் விழாவில் தாய்மொழியை மறக்கலாகாது என்று அவர் கண்கலங்கப் பேசிய உரை முழுவதும் கன்னட எழுத்தில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

சிக்கல் என்னவென்றால் குழந்தைகளிடம் அவர் இதைச் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பெண் நீட்டினால், "கண்ணாடி எங்கயோ வெச்சிட்டேன், அம்மாகிட்ட கேளு" என்பார். அந்தக் கண்ணாடி தமிழுக்கு மட்டும்தான் காணாமல் போகும். அப்பாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று பெண் நம்பினாள். அந்த நம்பிக்கையை அவர் புதுக் காரைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஷட்டில் ஆடப் போயிருந்த நேரத்தில் நான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்ததை, ஏதோ அ, ஆ என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தாள் வேணுமாங்க?" என்று கேட்டேன்.

"ஹைவே போர்டு எல்லாத்துலயும் இங்கிலீஷும் இருக்கும். நீ சும்னே இரு."

சும்மா இருந்தேன்.

பாடம் சில்க் போர்டு சந்திப்பில் தொடங்கியது. வண்டி அசையாமல் நின்றுகொண்டிருக்க, வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது என்று விளக்கினார்.

"தூரமே வரலையேப்பா" என்றாள் பெண்.

"அது வரும். நீ ஃபார்முலாவ எழுது."

மேம்பாலத்தில் ஏறியதும் அதற்கும் மேலே இருந்த மேகங்கள். சுங்கச்சாவடியில் சில்லறைக் கணக்கு சொல்லித்தரத் திட்டமிட்டிருந்தார். கண்ணாடியில் ஒட்டிய பட்டையைப் பார்த்துவிட்டுத் தடுப்பு தானாகத் தூக்கிக்கொண்டது. ஒரு பாடம் அப்படியே காற்றில் போனது.

அத்திபெலே தாண்டி ஓசூர் வந்தது. பையன் ஒரு லாரியின் சக்கரங்களை எண்ணி, ஒன்று குறைத்துச் சொன்னான். நட்சத்திரத்துக்குக் கை நீட்டினான்.

"கிட்டத்தட்ட சரிங்கறது சரி கிடையாது, கண்ணு" என்றார் என் கணவர்.

சூளகிரி வரை அவன் அழுதான். பெண் ஒரு கேள்விக்குத் தயங்கியபோது அவளுக்கும் ஒரு அறிவுரை கிடைத்தது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா. அதுல வெக்கமே இல்ல." நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சாலையில் மிகுந்த கவனமாக இருந்தார்.

தமிழ்ப் பலகைப் பாடம் அவர் சொன்னபடியே நடந்தது. பெண் தமிழில் படிப்பாள். அவர் அதன் கீழே இருந்த ஆங்கிலத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கரெக்ட். ஸ்டார்" என்பார். ஆங்கிலம் இல்லாத பலகைகளை அவள் படித்தபோது, "அதெல்லாம் விளம்பரம், சிலபஸ்ல இல்ல" என்றார்.

வாணியம்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் பையன் கால்களைப் பின்னிக்கொண்டு, "அப்பா, மூத்திரம்" என்றான். பக்கச்சாலையில் ஒரு நீண்ட வெள்ளைச் சுவரோரமாக வண்டியை நிறுத்தி, அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். சுவரில் சிவப்பில், ஒவ்வோர் எழுத்தும் பையனின் தலையளவு இருக்கும்படி ஏதோ எழுதியிருந்தது. அதை அவர் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். நன்றாயிருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அதன் நட்டநடுவில் பையனை நிறுத்தினார்.

பின்னிருக்கையில் பெண் நிதானமாகப் படித்தாள். "இங்கே சிறுநீர் கழிக்காதீர்கள்."

நான் கண்ணாடியை இறக்குவதற்குள் காரியம் முடிந்திருந்தது. லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு உள்ளிருந்து ஒருவர் வந்தார்.

"இன்னா சார், இத்தினி பெரிசா எழுதிக்கீது, படிக்கத் தெரியாதா?"

என் கணவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. தெரியாது என்று சொல்லலாம். அல்லது, தெரிந்தே செய்ததாகச் சொல்லலாம். கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது, பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

"படிச்சேங்க. பையனுக்கு அவசரம், அதான்."

"படிச்சிட்டே செய்றியா நீ?" சாரெல்லாம் போய்விட்டது. அவர் வண்டி எண்ணைப் பார்த்தார். "கர்நாடகா வண்டியாச்சே, தெரியாம பண்ணிட்டாங்கன்னு வுட்டுடலாம்னு பாத்தேன். படிச்சேன்னு வேற சொல்றான் பாரு. புள்ளைக்கு நல்லா சொல்லிக்குடு."

கார் கிளம்பியது. பையன் மட்டும் நிம்மதியாக இருந்தான்.

"அப்பா, நீ அதப் படிச்சியா?" என்றாள் பெண்.

"ம்."

"படிச்சிட்டு ஏன் அங்கயே கூட்டிட்டுப் போன?"

"அவசரம்மா."

"ரூல்ஸ் படிச்சா ஃபாலோ பண்ணணும்னு நீதான சொன்ன. அந்த அங்கிள் திட்டினது கரெக்ட்தான்." அவள் குரல் உடைந்தது. "நீ பேட் மேனர்ஸ்பா."

வாயைத் திறந்தால் நான் என்ன சொல்வேனோ என்ற பயத்தில் தண்ணீர் குடித்தேன். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அதன் சக்கரங்களை யாரும் எண்ணவில்லை. அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதும்மா."

"நெஜமாவா? ஒண்ணுமே வராதா?"

"ஒண்ணுமே வராது."

"கல்யாணப் பத்திரிகை?"

"வராது."

"அப்போ கண்ணாடி?"

"கண்ணாடியெல்லாம் இல்ல" என்றார்.

அவள் நெடுநேரம் யோசித்தாள். அப்பா கெட்டவரா, தெரியாதவரா என்று எடை போட்டிருக்க வேண்டும். முகம் மெல்லத் தெளிந்தது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்பா. அதுல வெக்கமே இல்ல."

இங்கே என் கணவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரை நான் கொஞ்சம் மதித்திருப்பேன். ஆனால் ஆசிரியர் அவருக்குள் சாகவில்லை. "பாத்தியா, தப்ப ஒத்துக்கறதும் ஒரு லேர்னிங்தான். இதையும் தாள்ல எழுதிக்கோ" என்றார்.

"நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி போய் உக்காருங்க" என்றேன்.

இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில், முழங்கால்கள் மார்பைத் தொட, உட்கார்ந்தார். தாள்கள் கை மாறின. "இங்கிலீஷ் இல்லாத போர்டா நான் காட்டறேன். மெதுவா சொல்லு, ஹெல்ப் பண்றேன்" என்றாள் புது ஆசிரியை. ஆம்பூர் வரை அவர் எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். ஆம்பூரில் நெரிசலில் நின்றபோது ஒரு கடையின் கரும்பலகையைக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது.

"பிரியாணி ரெடி."

"வாசனைய வெச்சு சொல்ற."

"இல்லம்மா, சத்தியமா படிச்சேன்."

"பிரியாணி ஓகே. அடுத்தது ரெடி இல்ல. தயார்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"கிட்டத்தட்ட சரிங்கறது சரி கிடையாதுப்பா" என்று சொல்லி, ஸ்டிக்கர் அட்டையை மூடிவிட்டாள்.

அந்த நட்சத்திரத்துக்காக என் கணவர் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை வாதாடினார். பையன் தன் பாட்டுக்கு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.