விபூதி புதனுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தேன்: சிங்கப்பூரிலிருந்து மத்திகிரிக்கு

நான் ஆகாய விமானத்தில் ஊருக்குப் போய்வந்த சேதி பரவியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் ஒரே கேள்விகள்தான். டிக்கெட் எவ்வளவு, வாந்தி வருமா, பெட்டியில் எத்தனை ராத்தல் கொண்டுபோக விடுவார்கள்? ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்காக ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மதராஸ் வரைக்கும் படித்தால் போதும். அதற்கு மேலும் படித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் போன்ற நர்சுக்கு விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். என் தம்பி அருளப்பனுக்குக் கல்யாணம். மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அவன் எழுதிய கடிதம் கப்பல் தபாலில் ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது முகூர்த்தத்துக்குப் பத்தே நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிப் பூசையில் கல்யாணம். மறுநாள் விபூதி புதன், தவசு காலம் தொடங்கிவிடும். எங்கள் வேதத்தில் அதன் பிறகு ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வரை கல்யாணம் நடத்தமாட்டார்கள். அடுத்த கப்பலைப் பிடித்தால் நான் வெள்ளிக்கிழமைதான் மதராஸ் துறைமுகத்தில் இறங்குவேன்.

தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவன் உடன்பிறந்தவள் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அருளப்பனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. அவன் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்தது இந்தக் கை. "நீ வர முடியாவிட்டால் சித்தப்பா மகள் முடிச்சுப் போடட்டும் என்கிறார்கள். எனக்கு மனசில்லை அக்கா" என்று எழுதியிருந்தான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக டிக்கெட் ஆபீசுக்குப் போனேன்.

ஒரு வழிக்கு நானூற்று இருபது வெள்ளி. வயிறு எரிந்தது, ஆனாலும் கொடுத்தேன். திரும்பிவரக் கப்பல் என்று முடிவு செய்துகொண்டேன். அம்மை, காலரா இரண்டுக்கும் ஊசி போட்ட அட்டை இல்லாமல் ஏற விடமாட்டார்கள். அதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்கு நாற்பத்து நான்கு ராத்தல்தான் கணக்கு. ஊருக்குப் போகிறவளைக் கண்டால் நம் ஜனம் சும்மா விடுமா? ஆளுக்கொரு பொட்டலத்துடன் வந்துவிட்டார்கள். கடைசியில் நான் இரண்டு புடவையை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி, அதற்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு, தை மாதத்துப் பூசணிக்காய் மாதிரி விமானத்தில் ஏறினேன்.

மடியில் ஒரு தகர டப்பா. என்னுடன் வார்டில் வேலை செய்யும் டெய்சி கல்யாணத்துக்கென்று கொடுத்த பழக் கேக் அதில் இருந்தது. அவள் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பத்துப் பெண். கிறிஸ்துமசுக்குச் சுட்ட கேக்கில் ஒன்றை எடுத்து வைத்து, வாரம் தவறாமல் அதற்குப் பிராந்தி ஊட்டி வந்தவள், கடிதத்தைப் பார்த்ததும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஏழு ராத்தல் கனம். நம் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேக்கைப் பலகாரமாக நினைத்தேனே தவிர, சட்டம் அதை எப்படி நினைக்கும் என்று யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரை விட்டு, பகல் ஒன்றே காலுக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினோம். கைக்கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் திருப்ப மறக்காதீர்கள். உண்மையில் எட்டே கால் மணிப் பயணம். வாந்தி ஒரே தடவைதான் வந்தது. பக்கத்தில் இருந்த செட்டியார் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்தார். மதராசில் பெட்டியைக் கிளறினார்கள், டப்பாவைக் குலுக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி, செவ்வாய் காலை ஆறே காலுக்குப் பெங்களூர் சேர்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஓசூருக்கும் மத்திகிரிக்கும் பெங்களூர் வழிதான் கிட்டம், இருபத்தைந்து மைல். பஸ் கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. ஆனால் அந்த வழி மைசூர் ராஜ்யத்திலிருந்து நம் எல்லைக்குள் நுழைகிறது, எல்லையில் மதுவிலக்குச் சோதனை உண்டு. ஏழு மணிக்குக் கிளம்பிய பஸ், அத்திப்பள்ளி தாண்டி எட்டு ஐந்துக்குச் சோதனைச் சாவடியில் நின்றது. வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் என் டப்பாவின் மூடி நெளிந்திருந்தது. பஸ் முழுக்கக் கமகமவென்று வாசனை.

ஏட்டு ஒருவர் ஏறினார். நரைத்த மீசை. மூக்கு அவரை நேராக என்னிடம் கூட்டிவந்தது.

"என்னாம்மா இது?"

"கேக்குங்க. தம்பி கல்யாணத்துக்கு."

"கேக்குக்கு எதுக்கும்மா இந்த வாசன?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நர்சு வேலையில் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியே பழகிவிட்டது. "பிராந்தி ஊத்தியிருக்குதுங்க" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. ஏட்டு சிரிக்கவில்லை. டப்பாவோடு என்னையும் இறக்கினார். மூடியைத் திறந்து பார்த்தார், மோந்தார், தலையைச் சொறிந்தார்.

"குடிக்கறதா இருந்தா எனக்குச் சட்டம் தெரியும். இது வெட்டித் திங்கறதா இருக்குது. இன்ஸ்பெக்டர் வந்துதாம்மா சொல்லோணும். பத்தரைக்கு வருவாரு."

"ஒம்போது மணிக்குக் கல்யாணமுங்க. டப்பாவை நீங்களே வெச்சுக்குங்க, என்னை விட்டுடுங்க" என்றேன்.  வெட்கமாக இருந்தது, ஆனால் அழுகையை நிறுத்த முடியவில்லை.

"வெச்சுக்கிட்டா ஏட்டு தின்னுட்டான்னு ஊரே சொல்லும். மாப்பிள்ளைக்கு நீ என்னாம்மா ஆவோணும்?"

"அக்காங்க. ஒரே அக்கா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப முடிச்சு நீதான போடோணும்? அத முன்னாலயே சொல்றதில்லியா?"

டப்பாவைச் சணலால் கட்டி, என் பெயரும் ஊரும் எழுதிய சீட்டை ஒட்டினார். "இன்ஸ்பெக்டர் சொல்றபடி செய்வேன். நீ கெளம்பு" என்றவர், தெலுங்குக்கார டிரைவரிடம் அவர் பாஷையிலேயே ஏதோ சொன்னார். ஓசூர் வரை பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் ஓசூருக்கே வந்தார்கள். அவர்கள் முகம் ஒன்றும் எனக்கு நினைவில்லை. நன்றியை இங்கேதான் சொல்ல முடிகிறது.

ஆனால் சாவடியிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஓசூரில் இறங்கும்போது ஒன்பது ஐந்து. ஜட்காக்காரர் முக்கால் ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் ஏறினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். தாலி கட்டி முடிந்திருக்கும் என்றே வழியெல்லாம் நினைத்தேன். ஒன்பதே முக்காலுக்குக் கோயில் வாசலில் இறங்கியபோது உள்ளே பாட்டுச் சத்தமே இல்லை. முடிந்தே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

முடியவில்லை. தொடங்கவே இல்லை. மாப்பிள்ளை பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்தான், அன்றைக்கு இரண்டாவது தடவையாக! காலை ஏழு மணிக்கே ஒரு தடவை செய்தவன், ஒன்பது மணிக்கு மறுபடி வந்து முழங்காலில் நின்றானாம். "ரெண்டு மணி நேரத்துல அப்பிடி என்னப்பா பாவம் செஞ்ச?" என்று சுவாமியார் கேட்க, "பெரியவங்க எல்லார் மேலயும் கோவப்பட்டுட்டேன் சாமி. அக்கா வர்றதுக்குள்ள ஆரம்பிக்கச் சொல்றாங்க" என்றானாம். அந்தப் புண்ணியவானும் பத்து அருள்நிறை மந்திரத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லும்படி அபராதம் விதித்தாராம். இதையெல்லாம் அருளப்பனே பிறகு சொல்லிச் சிரித்தான்.

கசங்கிய இரண்டு புடவையோடு, முகம்கூடக் கழுவாமல் பெண்ணின் பின்னால் போய் நின்றேன். தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நூலை என் கையில் விட்டான். எத்தனையோ பேருக்குக் காயம் கட்டிய விரல் இது. இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். அந்த நிமிஷத்துக்கு நானூற்று இருபது வெள்ளி மிகவும் மலிவு.

மறுநாள் எல்லோரும் நெற்றியில் விபூதியோடு கோயிலிலிருந்து திரும்பினோம். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஏட்டுதான்! பின்னால் கேரியரில் சணல் கட்டு அவிழாத டப்பா.

"பலகாரந்தான்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரும்மா. நாலு பேரு மோந்து பாத்தோம், ஒருத்தரும் தொடல."

எட்டு மைல் மிதித்து வந்திருக்கிறார். ஆனால் எங்களுக்கு அன்று ஒரு வேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நாள், அதற்கு மேல் நாற்பது நாள் தவசு. அவருக்காவது ஒரு துண்டு வெட்டுகிறேன் என்றேன். "கலியாண வீட்டுக்காரங்க நீங்களே திங்காதப்ப நான் எப்பிடிம்மா திங்கறது?" என்று மோரை மட்டும் குடித்துவிட்டுப் போனார். டப்பா பரணில் ஏறியது. மூன்று வாரம் கழித்து, டெய்சியின் கேக்கை வாயில் வைக்காமலேயே நான் கப்பல் ஏறினேன்.

ஆகவே, போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நாள் குறிப்பதற்கு முன்பே உங்கள் லீவைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள், விமானத் தபாலில். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் போகும்போது விமானம், வரும்போது கப்பல். கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி ஆட்கள் பெங்களூர் வரை போகாமல் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடியுங்கள். சாமல்பட்டிக்காரர்கள் அங்கேயே சேலம் ரயிலுக்கு மாறலாம். முகூர்த்தத்துக்கு முதல் நாளே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். எல்லாத் தம்பிக்கும் இரண்டாம் பாவசங்கீர்த்தனம் செய்யத் தோன்றாது. கேக் கொண்டுபோனால் பிராந்தி ஊற்றாததாகக் கொண்டுபோங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் போன வாரம் தம்பி பெண்டாட்டியின் கடிதம் வந்தது, அவள் கையெழுத்தில் எனக்கு முதல் கடிதம். "அண்ணிக்கு வணக்கம். பாஸ்கு அன்று டப்பாவைத் திறந்தோம். ஒரு துளிகூடக் கெடவில்லை. பிராந்தி காப்பாற்றியது என்கிறார் உங்கள் தம்பி. முதல் துண்டைச் சைக்கிளில் சாவடிக்கே கொண்டுபோய் ஏட்டய்யாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். உங்கள் பங்கை வெட்டி டப்பாவிலேயே வைத்து மூடியிருக்கிறோம். இனிமேலும் கெடாது, நீங்கள் வாருங்கள்."